வசந்தாவுக்கு: அந்தக் குழுவுக்குப் போகாதே

தஞ்சாவூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டு வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே அனைவரும் நலம். பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் படிப்புக்காக வீட்டில் டிவிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம். கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அண்ணன் நாற்றங்கால் வேலையில் இறங்கிவிட்டார், போனில் பிடிப்பதே அரிதாக இருக்கிறது.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் கையில் படக்கூடாத புத்தகங்களைப் பொறுக்கி எடுக்க ஒரு குழு போடுகிறார்கள், தமிழ்ப் பேராசிரியராக இருந்தவள் என்பதால் உன்னைத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சில நாவல்களில் துண்டுச் சீட்டு செருகி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஏற்கெனவே மேசைமேல் அடுக்கிவிட்டார்களாம். "நான் மாட்டேன் என்றால் புத்தகமே படிக்காத யாரையாவது உட்காரவைப்பார்கள். நான் இருந்தால் நல்லதையாவது காப்பாற்றலாம்" என்கிறாய். உன் மனம் எனக்குத் தெரியும், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறாய். ஆனாலும் வேண்டாம், வசந்தா. இதே வாதத்தைச் சொல்லிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்த படித்தவர்கள் ஒரு நாட்டில் என்ன செய்தார்கள் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

வானொலி நிலையத்து இசைத்தட்டு அறையில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பிலும் நடுவிலுள்ள காகித வட்டத்திலும் மட்டுமே கை படவேண்டும். ஊசி ஓடும் பள்ள வரிகள்மேல் விரல் பட்டால் அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஊசி வைக்கும்போது கரகரக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். அப்படிப் பழகியவள் கண்ணில், ஒரு ஆவணப்படத்தில் அந்தத் தட்டு பட்டது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. ராட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் 1970-ஆம் ஆண்டுத் தொகுப்பு. மற்ற பாடல்கள் எல்லாம் பளபளவென்று அப்படியே இருக்கின்றன. ஒரே ஒரு பாடல் பதிந்திருக்கும் பள்ள வரிகள்மேல் மட்டும் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஊசி நிற்காது, துள்ளிவிடும். எந்த அறிவிப்பாளரும் மறந்தும் அதை ஒலிபரப்ப முடியாது.

கீறியது யார் என்று யோசித்துப் பார். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள அந்த மெல்லிய இடைவெளியைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பாடலுக்குச் சேதம் வராமல் கீற வேண்டுமானால், தட்டைக் கையாளத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். என்னைப்போல ஒருவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டுத் தணிக்கையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1963-இல் ஒரு சட்டம், 1974-இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்கள் அரசிதழில் வரும். அதில் இரண்டு வகை. சிலவற்றை விற்கவோ பரப்பவோ கூடாது. வேறு சிலவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். புத்தகக் கடைக்காரர்களும் நூலகர்களும் இந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்த ஜேக்கப்சன் அட்டவணை என்ற தடித்த ஏட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார்கள். தடையை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்துவிட்டது.

வானொலியில் வேறு விதம். பாடல் வரிகளை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வொரு மொழி மக்களுக்கும் தனித்தனி அலைவரிசை வைத்துப் பிரித்திருந்ததால், இரண்டு மொழி கலந்த பாட்டே அவர்களுக்கு ஆகாது. ஜானி கிளெக் என்ற வெள்ளையரும் ஜூலு மொழி பேசும் கறுப்பின இளைஞர் சிபோ மச்சுனுவும் சேர்ந்து நடத்திய ஜூலுகா இசைக்குழு, ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து பாடியதால் ஒதுக்கப்பட்டது. மக்கள் கலந்து வாழக் கூடாது என்றவர்கள் சொற்கள் கலப்பதையும் பொறுக்கவில்லை. 1985-இல் ஸ்டீவி வொண்டர் தன் ஆஸ்கர் விருதை மண்டேலாவுக்குச் சமர்ப்பித்தார். உடனே அவருடைய பாடல்கள் அத்தனையும் அங்கே வானொலியிலிருந்து நீக்கப்பட்டன. தொலைக்காட்சியையே 1976 வரை நாட்டுக்குள் விடவில்லை என்றால் பார்த்துக்கொள்.

புத்தகங்களைப் படித்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் யார் என்று தெரிந்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத முரடர்கள் என்றா நினைக்கிறாய்? இலக்கியப் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், கவிதையின் அருமை தெரிந்தவர்கள். தாங்கள் உட்காராவிட்டால் போலீஸ்காரன் உட்காருவான், தாங்கள் இருந்தால் உண்மையான இலக்கியத்துக்குப் பாதுகாப்பு என்று நம்பியவர்கள் அவர்களில் பலர். அந்த நாட்டு நாவலாசிரியர் ஜே. எம். கூட்ஸியின் நாவல்கள் இவர்களிடம்தான் போயின. அறிவுஜீவிகள்தான் படிப்பார்கள், பாதகமில்லை என்ற ரீதியில் அறிக்கை எழுதி அனுமதித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த அறிக்கைகள் கூட்ஸியின் பார்வைக்கு வந்தன. எழுதியவர்களில் அவரோடு பழகியவர்களும் இருந்தார்கள். அத்தனை காலமும் ஒருவர்கூட அவரிடம் வாய் திறக்கவில்லை.

"நல்லதுதானே, காப்பாற்றிவிட்டார்களே" என்று நீ சொல்வாய். அங்கேதான் நான் உன்னிடம் மன்றாடுகிறேன். 1979-ஐ எடுத்துக்கொள். வெள்ளையின எழுத்தாளர் நடீன் கார்டிமரின் 'பர்கரின் மகள்' நாவல் ஜூலையில் தடைசெய்யப்பட்டு, அக்டோபரில் மேல்முறையீட்டு வாரியத்தால் விடுவிக்கப்பட்டது. இலக்கிய வல்லுநர்களின் கருத்து அதற்குத் துணைநின்றது. அதே ஆண்டில்தான் கறுப்பின மக்கள் வாழும் சொவேட்டோவைச் சேர்ந்த முட்டுட்டுசெலி மட்சோபா, தன் மக்களின் அன்றாடத்தை நேரடியான மொழியில் எழுதிய சிறுகதைத் தொகுப்பும் தடைசெய்யப்பட்டது. அதற்கு அப்படி ஒரு சலுகை கிடைக்கவில்லை. சிலர் மட்டுமே படிக்கக்கூடிய கடினமான எழுத்து என்றால் ஆபத்தில்லை. சாதாரண மனிதன் கையில் எடுத்துப் படிக்கக்கூடியது என்றால் ஆபத்து. ரசனை உள்ளவர்கள் பிடித்த தராசு இப்படித்தான் சாய்ந்தது. தனக்குக் கிடைத்த இந்தச் சலுகை கறுப்பின எழுத்தாளர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கார்டிமர் வெளிப்படையாகச் சொன்னார். அதுமட்டுமல்ல, தன் நாவலைப் பற்றிய தணிக்கை அறிக்கைகளையே ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டு ஊரறியச் செய்தார். அந்தப் பெண்மணியின் துணிவை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நீ எவற்றைக் காப்பாற்றுவாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பிடித்த, விருது வாங்கிய, நடை நயமுள்ள நாவல்களைக் காப்பாற்றுவாய். கொச்சையான பேச்சில், வலியை வலியாகவே எழுதிய ஒரு புதுப் பையனின் முதல் புத்தகம் வரும்போது உன் கை தயங்கும். நீ கெட்டவள் என்பதால் அல்ல. அந்த நாற்காலி அப்படிப்பட்டது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னொன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

பட்டியல் உன் கையைவிட்டுப் போன பிறகு யார் கைக்குப் போகும் என்பதும் உன் வசத்தில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ரோஜர் லூசி என்ற பாடகரின் முதல் தொகுப்பு 1979-இல் வெளிவந்து, பின்னர் தடைசெய்யப்பட்டது. விஷயம் அதோடு முடியவில்லை. பால் எராஸ்மஸ் என்ற பாதுகாப்புப் போலீஸ்காரர் கடைகளுக்குச் சென்று அவருடைய தட்டுகளை இல்லாமல் ஆக்கினார். லூசி பாடிக்கொண்டிருந்த அரங்கின் குளிர்சாதனத்துக்குள் கண்ணீர்ப்புகையைச் செலுத்தினார். லூசியின் இசை வாழ்க்கை அத்துடன் முறிந்தது. ஆட்சி மாறிய பிறகு எராஸ்மஸே இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். முத்திரை குத்துபவர் ஒருவர், தடியெடுப்பவர் இன்னொருவர். முதலாமவர் இரண்டாமவரின் முகத்தைப் பார்க்கவே நேராது.

வேறு நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதே. நீ வகுப்பில் குரல் நடுங்க நடத்திய பாரதியின் தேசியப் பாடல்களை 1928-இல் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்ததே, சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து வாதாடினாரே, அதை எண்ணிப் பார். ஆணையில் கையெழுத்துப் போட்ட துரைக்குத் தமிழ்க் கவிதை தெரிந்திருக்க நியாயமில்லை. எந்த வரி ராஜதுரோகம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தமிழ் நன்கு அறிந்த ஒருவர் தேவைப்பட்டிருப்பார். அவரும் பாட்டின் சந்தத்தை மனதுக்குள் ரசித்துக்கொண்டேதான் மொழிபெயர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

இதற்குச் சம்பந்தம் கொஞ்சம்தான், இருந்தாலும் உனக்குப் பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறையில், டர்பனைச் சேர்ந்த சோனி வெங்கடரத்தினம் என்ற கைதி, ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். காவலர்கள் பிடுங்கிவிடாமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமி படங்களை அதன் அட்டைமேல் ஒட்டி, இது எங்கள் வேதப் புத்தகம் என்று சொல்லிவிட்டார். புத்தகம் அறை அறையாகப் போயிற்று. கைதிகள் பலர் தமக்குப் பிடித்த வரிக்கு அருகே கையெழுத்திட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பரில் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். எங்கோ ஒரு வீட்டில் வாங்கி அனுப்பிய சாமி படங்கள் ஷேக்ஸ்பியருக்குக் காவல் நின்றிருக்கின்றன!

இப்போது நீ என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தலைமை வேண்டாம், உறுப்பினர் பதவியும் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிடு. காரணத்தையும் சேர்த்து எழுது. உன் பெயருக்கு உங்கள் ஊரில் மதிப்பு உண்டு. நீ மறுத்தாய் என்ற செய்தியே நாலு பேரை யோசிக்கவைக்கும். யாரோ விவரமில்லாதவர் உட்காரட்டும். அவர் செய்வது தவறு என்று வெளியில் நின்று சொல்ல அப்போதுதான் உனக்கு வாய் இருக்கும். உள்ளே போய்விட்டால் எல்லாவற்றுக்கும் உன் கையெழுத்தும் சேர்ந்துவிடும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், யார் எடுத்தது, எந்தப் பக்கத்துக்காக எடுத்தது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேள். பெயர் போட வேண்டும் என்றாலே பாதிப் பேர் ஒதுங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பற்றி உனக்குக் கவலை என்றால், சனிக்கிழமை மாலைகளில் அவர்களோடு உட்கார்ந்து அந்த நாவல்களையே படி. உன்னைவிட நன்றாக அதைச் செய்ய அந்த ஊரில் ஆள் கிடையாது.

உன்மேல் உள்ள உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன். கோபம் வந்தால் கோபத்தோடே பதில் போடு, ஆனால் முதல் கூட்டத்துக்கு முன்னால் போடு. மேசைமேல் அடுக்கியிருக்கும் அந்த நாவல்களின் பெயர்களையும் எழுது. இங்கே கிடைப்பவற்றை நான் வாங்கிப் படிக்கிறேன். அண்ணன் பெண்ணின் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நீ ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும், அறை ஒழித்து வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
சரோஜா