இன்ஜெக்டர் மாற்றும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டர்போ காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பெரிய இன்ஜெக்டர் போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்களிடம் சில மாதங்களாக நாங்கள் உடனே சரி சொல்வதில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். அதை மாற்றும் முன் பெட்ரோல் அழுத்தத்தைப் பதிவு செய்யும் சென்சாரை மாட்டி, முழு பூஸ்ட்டில் (டர்போ காற்றைத் தள்ளும் கூடுதல் அழுத்தத்தில்) ஓட்டிப் பார்க்கிறோம். அதற்கு அரை நாள் போய்விடுகிறது. "பொருள் கையில இருக்கு, மாட்டித் தர என்ன யோசனை?" என்று சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. தப்பு எங்கள் பேரில்தான்; காரணத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. அதற்காகவே இந்த மடல்.

அண்மையில் வந்த ஒரு காரிலிருந்து தொடங்குகிறோம். நான்கு சிலிண்டர், 1.4 பார் பூஸ்ட். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றைத் தாண்டியதும் இழுவை தளர்கிறது என்பது புகார். வேறொரு இடத்தில் பார்த்தவர்கள் இன்ஜெக்டர் போதவில்லை என்று சொல்லியிருந்தார்கள். உரிமையாளரும் புது இன்ஜெக்டர்களைப் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார். இந்தக் காரின் ரெகுலேட்டர் பூஸ்ட் ஏறும் அளவுக்கே பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிக்கொடுக்கும் வகை. அடிப்படை 3 பார் என்றால், 1.4 பார் பூஸ்ட்டில் 4.4 பார் இருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தோம். 5,500 வரை பதிவில் அழுத்தக் கோடு 4.4-இல் அசையாமல் நின்றது. அதன் பிறகு சரிய ஆரம்பித்து, 6,500-இல் 3.7-க்கு வந்துவிட்டது. எக்ஸாஸ்ட்டில் இருந்த லாம்ப்டா சென்சார், 11.6-இல் இருந்த காற்று-பெட்ரோல் விகிதம் 13-ஐத் தாண்டுவதை, அதாவது பெட்ரோல் குறைவதைக் காட்டியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டோம்.

இன்ஜெக்டரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில் (ரயில்) இருக்கும் அழுத்தத்திலிருந்து, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் எதிர்த்து நிற்கும் பூஸ்ட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பெட்ரோலைத் தள்ளும் பலம். 3 பார் மிஞ்ச வேண்டிய இடத்தில் 2.3 பார்தான் மிஞ்சியது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவாக ஊற்றிக்கொண்டிருந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் அதே பம்பை வைத்துக்கொண்டு இன்னும் அகலமாகத் திறக்கும் இன்ஜெக்டரைப் போட்டால் என்ன ஆகும்? அழுத்தம் இன்னும் சீக்கிரம் சரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மேல்மூடியில் இருக்கும் கனெக்டரைப் பார்த்தோம். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது. எஞ்சின் சுமையில் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட், பம்ப் முனையில் 11.4. முன்பு யாரோ கம்பெனி பம்பை எடுத்துவிட்டுப் பெரிய பம்ப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய மெல்லிய ஒயரிலேயே ஓட விட்டிருக்கிறார்கள். மோட்டாருக்கு வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், பெட்ரோலும் குறையும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், ஃப்யூஸ், ரிலே, டேங்க் பக்கத்திலேயே நல்ல எர்த், புதுக் கனெக்டர், அவ்வளவுதான் வேலை. அடுத்த ஓட்டத்தில் கோடு கடைசி வரை 4.4-இல் நின்றது. பெட்டியைப் பிரிக்காமலே இன்ஜெக்டர்களைத் திருப்பி எடுத்துப் போனார்.

அந்த ஓட்டத்தில் நாங்கள் ஏன் பதறிக் காலை எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். முழு பூஸ்ட்டில் அதை 11.5, 12 என்று வேண்டுமென்றே கொழுப்பாக வைப்போம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டைத் தணிக்கும். அது குறைந்தால் நாக்கிங், அதாவது கலவை கட்டுக்கடங்காமல் தானாக வெடிப்பது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு அந்த அடியைத் தாங்காமல் விண்டுபோகும். பல நேரம் ஓட்டுகிறவருக்குச் சத்தமே கேட்காது. ஆயில் குறைவதையும் புகையையும் பார்த்துத்தான் தெரியவரும்.

நிஜமாகவே இன்ஜெக்டர் பெரிதாக வேண்டிய கார்கள் உண்டு. 400 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் எஞ்சின் குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் குடிக்கும் என்று நாங்கள் கணக்கில் எடுப்போம். ஆக 108 கிலோ; லிட்டரில் 146. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 608 சி.சி. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்க முடியாது. 6,000 சுற்றில் ஒரு சிலிண்டருக்குக் கிடைக்கும் முழுச் சுழற்சியே 20 மில்லி வினாடி. அதில் 80 சதவீதம், அதாவது 16 மில்லி வினாடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். எனவே 760 சி.சி. அளவில் தேட வேண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 1,500 போடச் சொல்பவர்களோடுதான் எங்களுக்கு வாக்குவாதம். கரண்ட் கொடுத்ததும் இன்ஜெக்டர் திறந்துவிடாது. ஒரு மில்லி வினாடி போல தாமதம் இருக்கும், வோல்ட் குறைந்தால் அது நீளும். வண்டி நிற்கையில் எஞ்சின் மெல்ல ஓடும் ஐடிலில் மொத்தத் திறப்பே இரண்டு மூன்று மில்லி வினாடிதான். தாமத எண்ணை எஞ்சினை நடத்தும் கணினியான இ.சி.யு.-வில் சரியாக எழுதாவிட்டால் கார் சிக்னலில் நின்று குலுங்கும். இந்த அளவுகளைத் தராத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவாக வந்தாலும் எங்கள் பட்டறையில் மாட்ட மாட்டோம்.

பம்பிலும் இதே ஆசை. பெட்டியில் மணிக்கு 255 லிட்டர் என்று அச்சடித்திருந்தால், அது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும் அளந்தது. அழுத்தம் ஏற ஏற அது இறங்கும். 4.4 பாரில் எவ்வளவு தருகிறது என்ற வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அளவுக்கு மீறின பம்ப் போட்டால் தொல்லை வேறு பக்கம் முளைக்கும். ஐடிலில் எஞ்சினுக்கு வேண்டியது கொஞ்சம். மீதியெல்லாம் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். சின்ன ரெகுலேட்டரும் ஒடுங்கின ரிட்டர்ன் குழாயும் அதை விழுங்க முடியாமல், 3 பாரில் இருக்க வேண்டிய அழுத்தம் மேலே ஏறி நிற்கும். அங்கே எந்த டியூனிங்கும் உட்காராது. இப்படி ஒரு காரை நாங்களே ஒரு வாரம் கட்டிப் புரண்டிருக்கிறோம், ரெகுலேட்டரைச் சந்தேகப்படாமல்!

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் கார்களுக்கு மேலே சொன்னது பாதிதான் பொருந்தும். அவற்றில் டேங்க் பம்போடு கூடுதலாக, கேம் ஷாஃப்ட் ஓட்டும் உயரழுத்த பம்ப் ஒன்று 150, 200 பார், புதியவற்றில் 350 பார் வரை ஏற்றுகிறது. இரண்டு பக்கத்து அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் எது முதலில் கைவிடுகிறது என்று தெரியும்.

எத்தனால் மிகுந்த எரிபொருளுக்கு மாற நினைப்பவர்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85-க்கு விகிதம் 14.7 இல்லை, 9.8 அளவில். கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக ஓட வேண்டும். 760 சி.சி. என்று போட்ட கணக்கு அன்றே செல்லாது. ஹோஸ், ஃபில்டர் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகையாக வேண்டும்.

காரைக் கொண்டுவரும்போது டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும். ரிசர்வில் வந்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்; அழுத்தம் சரிந்தது பம்பாலா, காலி டேங்காலா என்று பிரிக்க முடியாது. முன்பு யார் என்ன மாற்றினார்கள் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், ஒயரிங் உட்பட. யாராவது வீட்டிலேயே இன்ஜெக்டரை மாட்டிவிட்டிருந்தால், பழைய மேப்பிலேயே (இ.சி.யு.-வில் எழுதியிருக்கும் பெட்ரோல் கணக்கு) ஓட்டி வராதீர்கள். வண்டியை ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

பதிவான கோட்டின் ஒரு பிரதி உங்கள் கையில் தரப்படும். அதை வைத்துக்கொண்டு வேலையை வேறு இடத்தில் கொடுத்தாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
பட்டறையில் உள்ள அனைவரும்