வில்வித்தை அணிப் பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜைக்கு வில், அம்புகளை வைத்துக் கும்பிட்டோம். மாவட்டப் போட்டிக்கு 11 பிள்ளைகள் போய் வந்தார்கள். பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் வில்வித்தையில் தங்கம் வென்றதையும், கைகள் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்ததையும் பார்த்துவிட்டு 9 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் இப்போது 4 பேர்தான் இருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் ரப்பர் பட்டையை இழுப்பதும், ஐந்து மீட்டரில் இலக்குத் தாள் ஒட்டாத வெற்றுப் பலகையில் எய்வதும்தான் பயிற்சி. பிள்ளைகளுக்கு அது புரிகிறது. வீட்டில்தான் “இன்னுமா புள்ளி எடுக்கலை?” என்று கேட்டுச் சோர வைக்கிறோம்.

இனி 60 மீட்டர் விஷயம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ரிகர்வ் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) போட்டியின் தூரம் 60 மீட்டர். நம் மைதானத்தின் நீளமே 55. வருடக்கணக்காக 50 மீட்டரில் பழகிவிட்டு, போட்டியன்றுதான் பிள்ளைகள் 60ஐப் பார்த்தார்கள். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வில்லில் குறி பார்க்கும் சைட்டை எவ்வளவு இறக்குவது என்பதே அங்கே போய்த்தான் தெரியும். போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, கணக்கில் சேரும் முதல் ஆறு அம்பில் மூன்று பலகைக்கு முன்னாலேயே புல்லில் குத்தின. மூன்று விசில் ஊதியதும் மற்றவர்கள் போய்ப் புள்ளி எண்ண, இவள் குனிந்து அம்பு தேடிக்கொண்டிருந்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூன் மாதம் டேப் பிடித்து அளந்தேன். மூலைக்கு மூலை 71 மீட்டர் வருகிறது. ஆனால் அந்த மூலைக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடம். வலை இல்லாமல் ஓர் அம்புகூட விட முடியாது. ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை நிழல்வலையைக் கட்டிச் சோதித்தோம். அம்பு கிழித்துக்கொண்டு போனது. அப்புறம் கெட்டியான நைலான் வலையை இரண்டு அடுக்காகத் தொய்வாகத் தொங்கவிட்டோம். இறுக்கிக் கட்டினால் அம்பு துளைத்துவிடும். தொய்வாக இருந்தால் வலை பின்னுக்குப் போய் அம்பின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது.

செயற்குழு ஒப்புதலுக்கு முன்பே வலைக்கு முன்பணம் கொடுத்தது என் முடிவுதான். சீருடைக்கு வைத்த பணம் இதில் போனது என்று சிலருக்கு வருத்தம் இருக்கிறது. பழைய சட்டையோடு பிள்ளை எய்யலாம். பழகாத தூரத்தில் எப்படி எய்வது? மழை விட்ட பிறகு 11 சனிக்கிழமைகள் 60 மீட்டரில் பயிற்சி நடந்தது. பிப்ரவரி போட்டியில் அதே மாணவியின் முதல் ஆறு அம்பும் பலகையில் நின்றன.

அந்த 11 நாளில் ஏழு நாள் பலகை தூக்கப் பெரியவர்கள் என்று வந்தது நானும் பயிற்சியாளரும் காவலாளியும் மட்டும். ஒரு பலகைக்கு நான்கு பேர் வேண்டும். மிச்சத்தைப் பிள்ளைகளே தூக்கினார்கள். தோள் களைத்த பிறகு வில்லை இழுக்கச் சொல்வது நியாயமா? எட்டு மணிக்குக் கால்பந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். பலகை வைக்க முக்கால் மணி, அம்பு தேட அரை மணி போனால் எய்ய எவ்வளவு நேரம் மிஞ்சும்?

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. எனக்கும் ஒரு சிறு தொகை வரவேண்டும், அவசரமில்லை. 31 குடும்பங்களில் 14 குடும்பங்களின் சந்தா வரவில்லை. முடியாதவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள், அவர்களிடம் கேட்க மாட்டோம். மற்றவர்கள் அழைத்தால் போனையாவது எடுக்க வேண்டும். நாண், அம்பின் பின்முனையில் நாணைப் பொருத்தும் நாக், உதிர்ந்த இறகை ஒட்டும் பசை எல்லாம் அந்தப் பணத்தில்தான் வாங்குகிறோம்.

தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், காவலாளி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இரண்டு பலகைகளையாவது மாற்றியாக வேண்டும். நடுப்பகுதி தேய்ந்துவிட்டதால், நன்றாக எய்யும் பிள்ளையின் அம்புதான் துளைத்துப் போய்ச் சேதமாகிறது. நான் இந்தப் பொறுப்பில் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் தனி ஆளாகப் பலகை தூக்க முடியாது. ஜூன் முதல் வரும் சனிக்கிழமைகளை எழுதிய தாள் வாசல் மேசையில் இருக்கிறது. ஒரு தேதிக்கு நான்கு பெயர் வேண்டும். முதல் இரண்டு தேதிகளுக்கும் என் பெயரையும் என் மனைவி பெயரையும் எழுதியிருக்கிறேன்.

செயலாளர்