சர்ச்சு இரவைத் திரும்பும் வழிக்கு மாற்றுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மணாலி–லே சாலைக்குப் பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த சீசனுக்கான பயணத் திட்டத்தை நீங்கள் வெளியிடும் முன் அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தும்படி கேட்கிறோம். ‘மணாலியிலிருந்து சர்ச்சு, நட்சத்திர வானத்தின் கீழ் கூடாரத்தில் இரவு’ என்று வருமே, அந்த வரி. அந்தச் சாலையின் நடுவழியில் கூடாரங்கள் நிற்கும் சர்ச்சுவின் அழகில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இரு பக்கமும் மலை, நடுவே அகன்ற சமவெளி, ஆற்றோரத்தில் நீரும் காற்றும் அரித்து நிறுத்திய மண் தூண்கள், ஊர் வெளிச்சமே கலக்காத வானம். அந்த இரவு போகும் வழியில் வேண்டாம், வரும் வழியில் இருக்கட்டும். இதுதான் கோரிக்கை.

மணாலி 2,050 மீட்டர். சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுப்பது என்று ஆகிறது. ‘ஊட்டிக்கெல்லாம் போயிருக்கேன், ஒண்ணும் ஆகல’ என்று சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். சர்ச்சுவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்; மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. அதில் ‘தூங்கும் உயரம்’ என்பதைக் கவனியுங்கள். பகலில் எந்தக் கணவாயைக் கடந்தோம் என்பதைவிட, இரவில் எங்கே தலை சாய்த்தோம் என்பதே முக்கியம். தூக்கத்தில் மூச்சின் வேகமும் ஆழமும் குறைகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்குகிறது. தவிர, பைக் குழுக்களில் ஏ.எம்.எஸ். என்று சொல்லப்படும் உயர நோய் உயரத்துக்குப் போனவுடன் வருவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலை காட்டும். அதனால்தான் மாலை நான்கு மணிக்குச் சர்ச்சுவில் இறங்கி உற்சாகமாகப் படம் எடுத்தவர், நள்ளிரவில் மண்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார்.

அப்போது அவரைக் கீழே இறக்க வேண்டும். உயர நோய்க்கு நம்பகமான முதல் சிகிச்சை இறக்கம்தான். சர்ச்சுவிலிருந்து எங்கே இறக்குவீர்கள்? மணாலிப் பக்கம் திரும்பினால் சுமார் 4,890 மீட்டரில் பாரலாச்சா கணவாய் நிற்கிறது. லே பக்கம் போனால் கட்டா வளைவுகளின் 21 கொண்டை ஊசிகளில் ஏறி, முதலில் நக்கீ லா (‘லா’ என்றால் கணவாய்), அடுத்து 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. அவற்றைக் கடந்து வரும் பாங் என்ற இடம் சர்ச்சுவைவிட உயரம், ஏறத்தாழ 4,600 மீட்டர். எந்தத் திசையில் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். சர்ச்சு உண்மையில் ஒரு கிண்ணத்தின் அடி. இரவு இரண்டு மணிக்கு, உறைபனியில், தடுமாறும் ஒருவரை வண்டியில் போட்டு இன்னும் 600 மீட்டர் மேலே கொண்டுபோக வேண்டிய இடத்தை, உடம்பு பழகாதவர்களின் முதல் உயர இரவாக வைப்பதுதான் தவறு.

முன்பு இந்தத் தவறைச் செய்யக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. 3,978 மீட்டர் ரோத்தாங் கணவாயை ஏறி இறங்கிக் கீலாங் சேர்வதற்குள் பகலில் பெரும்பகுதி போய்விடும். வேறு வழியில்லாமல், சர்ச்சுவுக்கு முன்பே தாழ்வில் இருக்கும் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்குவார்கள். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தபின் தொலைவில் 46 கிலோமீட்டர் குறைந்தது. காலையில் மணாலியை விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஜிஸ்பா. ‘இவ்வளவு சீக்கிரமாவா ரூம் போடுறது?’ என்று குழு முணுமுணுக்கும், நீங்களும் விட்டுவிடுகிறீர்கள். உடம்பு பழக வேண்டிய நேரத்தைச் சுரங்கம் குறைக்கவில்லை.

மாற்றுத் திட்டம் இது. மணாலியில் இரண்டு இரவு. அடுத்து ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில், இரண்டு இரவு. அங்கிருந்து சர்ச்சுவிலும் பாங்கிலும் தங்காமல் ஒரே நாளில் லே, அதாவது சுமார் 3,500 மீட்டர். பகலில் 5,300 மீட்டருக்கு மேலான தங்லாங் லாவைக் கடந்தாலும், தூங்கும் உயரம் ஜிஸ்பாவிலிருந்து 300 மீட்டர்தான் கூடுகிறது. காகிதத்தில் இதைவிடச் சாதுவான ஏற்றம் இந்தச் சாலையில் கிடைக்காது.

ஜிஸ்பாவில் இரண்டாம் நாளை வீணான நாள் என்று வாடிக்கையாளர் நினைத்துவிடக் கூடாது என்பது உங்கள் கவலையாக இருக்கும். அன்று காலை கிளம்பி தார்ச்சா, தீபக் தால், ஜிங்ஜிங்பார் வழியாகப் பாரலாச்சாவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் சூரஜ் தால் ஏரிவரை போய்த் திரும்புங்கள். ஜிஸ்பாவில் அறைக்குப் பின்னால் ஓடும் பாகா ஆறு பிறப்பது அங்கேதான். அதே ஆறு தண்டியில் சந்திராவோடு கூடிச் செனாப் ஆகிறது. உயரம் தொட்டு வந்து தாழ்வில் தூங்குவது உடம்புக்கும் நல்லது. மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். யாருக்குத் தலைவலி வருகிறது, யார் மூச்சு வாங்குகிறார் என்பது அன்றே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரை மறுநாள் லேவுக்கு ஏற்றாமல் ஜிஸ்பாவிலேயே இன்னொரு நாள் வைக்க, கூடுதலாக ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.

ஜிஸ்பாவில் இடம் பார்க்கும்போது ஆற்றை ஒட்டி என்ற ஆசையில் கூடாரத்தை ஆற்றுப்படுகையிலேயே போடுபவரிடம் போகாதீர்கள். பனி உருகும் மாதங்களில் பிற்பகலும் முன்னிரவும் நீர் ஏறும். ஜூலை, ஆகஸ்ட்டில் திடீர் வெள்ளமும் உண்டு. காய்ந்து கிடக்கும் ஓடையின் வாயும் ஆகாது, அது எந்த நேரமும் கல்லும் சேறுமாக இறங்கும் பாதை. மேட்டுக் கரையில், சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள இடம் போதும். ஜெனரேட்டர் எத்தனை மணிவரை ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு தலைவலியும் உயர நோய்த் தலைவலியும் ஒரே மாதிரி இருக்கும், எது எதுவென்று பிரிக்க முடியாமல் போகும்.

ஜிஸ்பாவிலிருந்து லே சுமார் 335 கிலோமீட்டர். நீளமான நாள்தான், மறைக்கவில்லை. காலை 5 மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். விடியலில் ஓடைகளில் தண்ணீர் குறைவு. மதியம் அதே ஓடையில் பைக்கின் சைலன்சர் முழுகும். ஜூன் தொடக்கத்தில் மட்டும் இதற்கு விலக்கு: கணவாய்ச் சாலையில் இரவு உறைந்த கண்ணாடிப் பனி காலையில் கிடக்கும், ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்பலாம். சர்ச்சுவை 9 மணி வாக்கிலும், பாங்கை 1 மணிக்குள்ளும் கடந்தால் வெளிச்சத்திலேயே லே. சர்ச்சுவுக்கே 11 மணி ஆகிவிட்டால் அன்றைய லே கனவை விட்டுவிட்டு ஜிஸ்பாவுக்குத் திரும்புங்கள். ‘பாங்கில் பார்த்துக்கலாம்’ என்பது இந்தச் சாலையில் அடிக்கடி கேட்கும் மோசமான முடிவு. தங்லாங் லாவைத் தாண்டியபின் இருட்டினால் லேவரை இழுக்க வேண்டாம், உப்ஷி 3,400 மீட்டர்தான், அங்கேயே படுக்கலாம்.

பெட்ரோல் கணக்கு: கீலாங்குக்குச் சற்று முன் வரும் தண்டி பம்ப்பில் ‘அடுத்த பம்ப் 365 கி.மீ.’ என்ற பலகை பிரபலம். லேவுக்கு முன்னால் வரும் காரு என்ற ஊரில் பம்ப் இருந்தாலும், 365 என்றே கணக்குப் போடுங்கள். ஏற்றமும் மெல்லிய காற்றும் சேர்ந்து மைலேஜைக் குறைக்கும். லிட்டருக்கு 25 என்று வைத்தால் 14.6 லிட்டர். சூரஜ் தால் போய்வரும் நாளுக்குச் சுமார் 100 கிலோமீட்டர், அதற்கு இன்னொரு 4 லிட்டர். 13 லிட்டர் டேங்க் உள்ள 350 சிசி வண்டிக்கு 5 லிட்டர் கேன் ஒன்று போதாது. இரண்டு வேண்டும், அல்லது கிளம்பும் முன்மாலை யாராவது தண்டிவரை போய் நிரப்பி வர வேண்டும்.

ஆக்சிஜன் விஷயத்தில் உங்களில் பலர் செய்வது கண்துடைப்பு. மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரே டப்பாவில் இருப்பது 10 லிட்டர் அளவு வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் ஐந்து நிமிடம். பேக்அப் வண்டியில் ரெகுலேட்டரோடு ஒரு பி-டைப் சிலிண்டர் ஏற்றுங்கள். அதில் 1,500 லிட்டர், அதே வேகத்தில் 12 மணி நேரத்துக்கு வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் பொய் சொல்லும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். நேர்க்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் காலைவரை காத்திருக்கக் கூடாது. கீலாங்கில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, ஜிஸ்பாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், ஜிஸ்பாவைவிடச் சற்றுத் தாழ்வு. ஜிஸ்பாவைச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையைப் பொட்டலம் பொட்டலமாக நீங்களே விநியோகிப்பதை நிறுத்துங்கள். வழக்கமான தடுப்பு அளவு 125 மி.கி. காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சென்னையிலேயே அவரவர் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் நான்கு இரவும் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சை மேலும் மந்தமாக்கும். போன் விஷயமும் கிளம்பும் முன்பே: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்து, நுப்ரா போய், 4,250 மீட்டர் வாக்கிலுள்ள பாங்காங் ஏரியோரம் ஓர் இரவு தூங்கியவர்களுக்குச் சர்ச்சு புதிய உயரமே இல்லை. பாங்காங்கில் படுக்கும்போதும் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்து வையுங்கள். திரும்பும் வழியில் லேயிலிருந்து 250 கிலோமீட்டர் ஓட்டி மாலைக்குள் சர்ச்சு, மறுநாள் மணாலி என்பது இயல்பாகப் பொருந்துகிறது. அமாவாசையை ஒட்டித் திரும்பும்படி தேதி போட்டால் விளம்பரத்தில் காட்டும் பால்வெளி நிஜமாகவே கிடைக்கும். பிற்பகலில் காற்று பலமாக அடிக்கும், கூடாரம் கட்டுக்கோப்பானதா என்று பாருங்கள். சோறு கேட்டு அடம்பிடிக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாத டாபாவில் அரிசி நறுக்கென்றுதான் இருக்கும். மேகி உத்தமம்.

சுற்றையே திருப்ப முடிந்தவர்கள் ஸ்ரீநகரில் தொடங்குங்கள். 1,585 மீட்டரில் தால் ஏரி, பிறகு கார்கில் 2,676, பிறகு லே. நடுவே 4,108 மீட்டர் ஃபோட்டு லா பகலில் கடந்துபோகும். மணாலி வழி தானாகவே திரும்பும் வழி ஆகிவிடும், ஜிஸ்பா கணக்கும் தேவைப்படாது. டெல்லி, சண்டிகரிலிருந்து மணாலி கைக்கெட்டும் தூரம் என்பதால் நீங்கள் அதை முதலில் வைக்கிறீர்கள், புரிகிறது. அப்படியே வைப்பதென்றால் திட்டத்தாளில் ஒவ்வொரு இரவின் ஊர்ப்பெயருக்குப் பக்கத்திலும் அதன் உயரத்தை மீட்டரில் அச்சிடுங்கள், கூடுதல் ஒரு நாளின் செலவை முதலிலேயே கட்டணத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
இந்தச் சாலையை அறிந்த சிலர்