ஆடிப்பட்டம் செல்லாத ஊரிலிருந்து

ரோஸ் ஹில், மொரீசியஸ்
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா போனில் பரவாயில்லை என்றாள். நீங்கள்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பீர்கள். பணம் 5-ஆம் தேதியே போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மரம் வைத்தேன், லிச்சி. திண்டுக்கல் பழக்கடையில் சிவப்பாகச் சொரசொரத் தோலோடு டப்பாவில் விற்பார்களே, உள்ளே நுங்கு மாதிரி இருக்குமே, அதுதான். நம் பூந்திக்கொட்டைக்குப் பங்காளியாம். இங்கே இப்போது அதன் பருவம். ரோட்டோரமெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது.

கன்று வீட்டுக்காரப் பாட்டியுடையது. அவர் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள். பாட்டி பேசுவது கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சு மொழி. தமிழ் வராது. ஆனால் கறிவேப்பிலையைக் 'கறிப்பூலே' என்கிறார், முருங்கைக்கீரையை 'ப்ரெத் மூரூம்' என்கிறார், ரசம் 'ராசோன்' ஆகிவிட்டது. இந்த ஊர் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து உண்டு, தெரியுமா? பாட்டியிடம் இப்படிச் சில சொற்கள் இருப்பதால் சமையல்கட்டிலும் தோட்டத்திலும் எங்களுக்குள் பேச்சு ஓடும். அதைத் தாண்டினால் கைச்சாடைதான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பீர்களே, அதை நம்பி ஆகஸ்டிலேயே நட்டுவிடலாம் என்று கிளம்பினேன். பாட்டி சிரித்தார். இங்கே ஆடி நடுக்குளிர், மழையும் குறைச்சல். கார்த்திகைக் கடைசியில்தான் வெயிலும் மழையும் சேர்ந்து வருகின்றன. லிச்சிக்கு அந்தக் குளிரும் வேண்டும், இல்லாவிட்டால் பூக்காதாம். நம் நத்தத்தில் வைத்தால் இலையாகத் தழைத்து நிற்கும், அவ்வளவுதான்.

மாங்கன்றுக்கு எடுப்பதுபோல மூன்றடிக்கு மூன்றடி குழி எடுக்கப் போனேன். ஒன்றரை அடியில் கடப்பாரை ணங்கென்றது. தீவே எரிமலைக் கல்தான். கரும்புக் காட்டுக்கு நடுவே கருங்கல் குவியல்கள் மலைபோல நிற்கும். கூலிக்கு வந்தவர்கள் வெறுங்கையால் பொறுக்கி அடுக்கியவை அவை. இதெல்லாம் தெரிந்தபிறகு என் கைக் கொப்புளத்தைப் பற்றி எப்படிப் புலம்புவது? குழியை அகலமாக்கிச் சமாளித்தேன். லிச்சி வேர் மேலாகப் பரவுவதுதான், ஆழம் அவ்வளவு முக்கியமில்லை.

விதையில் முளைத்தது என்றால் காய்க்கப் பத்து வருஷம்கூட ஆகும். இது விண்பதியன். பழைய மரத்தின் கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப் பாசி கட்டி, பிப்ரவரியில் பாட்டியே வேர் பிடிக்க வைத்தார். நீங்கள் மாதுளைக்குச் செய்வதேதான். அப்புறம் பெரிய மரத்தடி மண் இரண்டு வாளி அள்ளி வந்து குழியில் கொட்டச் சொன்னார். அந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வேரோடு சேர்ந்து உரம் இழுத்துக் கொடுக்குமாம். நான் ஒரு கை யூரியாவை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார்! புது வேர் கருகிவிடுமாம். "டுஸ்மா, டுஸ்மா" என்றார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம்.

பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, காற்றுக்குச் சாய்ந்துவிடும். மூன்று பக்கமும் குச்சி ஊன்றிச் சாக்கு நாரால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். மே பாதி வரை புயல் காலம். இந்த ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்ததைச் சொன்னேன் அல்லவா? மூன்றாம் எச்சரிக்கை வந்தால் ஊரே கதவைச் சாத்திவிடும், எங்கள் கம்பெனியும் லீவு. அன்றைக்குக் கன்றின் மேல் எதைக் கவிழ்ப்பது என்று இப்போதே யோசிக்கிறேன்.

புயலுக்குத் தப்பினால் அடுத்தது வௌவால். இங்கே பழந்தின்னி வௌவால் லிச்சிக்கு அலைகிறது. 2015-லிருந்து சில தடவை அரசாங்கமே ஆயிரக்கணக்கில் கொன்றது, அதற்குப் பெரிய சண்டையும் நடந்தது. இந்தப் பக்கத்துத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம், பாவம். பாட்டி மரத்துக்கு வலை போடுகிறார். சரி, அது நம் கன்று காய்க்கும்போது வரும் கவலை.

அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். என் ஒப்பந்தம் 2026-இல் முடிகிறது. நேற்று பாட்டி கன்றைக் காட்டி, என்னைக் காட்டி, நாலு விரல் விரித்தார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். துளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகிறது. மாவுக்கு அப்படித்தான் வரும், இதற்கும் சரிதானா, இல்லை தண்ணீர் அதிகமாகிவிட்டதா? போட்டோ தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். விதை எதுவும் பார்சலில் வைக்க வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். வடாம் மட்டும் போதும்.

அன்பு மகன்