செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பெற்றோரே, இந்த மழையிலும் கோத்தகிரி வந்து சேர்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. டிசம்பர் 3 அன்று மாற்றுத்திறனாளிகள் தினம் கொண்டாடினோம். பேச்சு நீண்டது, கேக் நன்றாக இருந்தது.

இவ்வாண்டின் பெரிய வேலை சோலைப் படிப்பு. அறிவுசார் குறைபாடுள்ள நம்மவர்களைக் காட்டுப் பக்கம் அழைத்துப்போவது புதிதல்ல. வேனில் போய், வரிசையில் நடந்து, யாரோ மரங்களின் பெயரை அடுக்க, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அது உல்லாசப் பயணம், படிப்பல்ல. இம்முறை ஊரை ஒட்டிய லாங்வுட் சோலையின் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மொத்தச் சோலை 116 ஹெக்டேர்; நமக்கு ஒரு பாதையும் ஓர் ஊற்றும் போதும். ஒவ்வொரு முறையும் அதே பாதைதான். புது இடம் என்றால் பலருக்குப் பதற்றம் அடங்கவே பாதி நேரம் போய்விடும். கால் பழகிய பிறகுதான் கண் மரத்தின் பக்கம் திரும்புகிறது.

பாடம் கையில்தான் தொடங்கியது. உதிர்ந்து கிடந்த கிளையின் பாசிமேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம். அடியில் வைத்த தட்டில் சில சொட்டுகளே விழுந்தன. பக்கத்தில் புல் இல்லாத சரிவில் அதே சொம்பால் ஊற்ற, செம்மண்ணாகக் கலங்கி ஓடியது. பிறகு பாசியைப் பிழியச் சொன்னோம். அதிகம் பேசாத தம்பி ஒருவர், பிழிந்து நனைந்த கையை எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஊற்றைச் சுட்டினார். அன்றைய பாடத்தை அதோடு முடித்துக்கொண்டோம். கற்பூர மர இலையையும் விண்டர்கிரீன் இலையையும் கசக்கி முகர்ந்த நாளில், இரண்டாவதை, "இது பாட்டி முட்டிக்குத் தேய்க்கிறது" என்று ஓர் அக்கா உடனே சொன்னார். சரிதான், வலித் தைலத்தில் வரும் வாசனை அந்த இலையினுடையதே.

நம் ஊரில் சுற்றுச்சூழல் கல்வி என்றால் காட்டெருமையையும் சேர்க்காமல் முடியாது. மாலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. பாடப் படங்களில் அது சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர் கிட்டே போய்த் தடவத்தானே நினைப்பார்? அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு, நம் தெரு முனைகளையே புகைப்படம் எடுத்து அட்டை செய்தோம். நில். கத்தாதே. மெல்லப் பின்வாங்கு. சுவருக்குப் பின்னால் போ. ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. பயிற்சிக்குப் பொருளாளர் கருப்புக் கம்பளி போர்த்திக் காட்டெருமையாக நின்றார். அவர் கணக்கு எழுதுவதைவிட அதை நன்றாகவே செய்தார்.

அட்டைகளின் முதல் வடிவத்தை நம்மவர்களிடமே காட்டித் திருத்தினோம். எளிதாக வாசிக்கும் எழுத்துக்கு 2009இல் நெறிமுறை வெளியிட்ட இன்க்லூஷன் யூரோப் என்ற, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான ஐரோப்பிய அமைப்பும் வலியுறுத்துவது இதைத்தான்: யாருக்காக எழுதுகிறோமோ அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுத வேண்டும். குப்பையைப் பிரித்துப் போடும் தொட்டிகளின் பலகையில், மட்கும் குப்பைக்கு நாங்கள் வரைந்த இலைப் படம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. வாழைப்பழத் தோலையும் பிஸ்கட் உறையையும் படமெடுத்து ஒட்டியதும் குழப்பம் போயிற்று.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். அனுமதி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், இயற்கைக் கல்வி பள்ளி மாணவர்களுக்குத்தான், வயது வந்தவர்களுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் 18 வயதைக் கடந்தவர்கள். சிறப்புப் பள்ளி முடிந்தால் வீடுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 31ஆம் பிரிவில் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பேசுகிறது என்பது பலருக்குத் தெரியும். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மற்றவர்களுக்குச் சமமான பங்கேற்பைச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தோம். பிறகு அனுமதி வந்தது. மனு எழுதும் மற்ற சங்கத்தார் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தேவைகள்: பாதையருகே கழிப்பறைக்கு ஏற்பாடு, வடகிழக்கு மழை மாதங்களுக்கு மழைக்கோட்டுகள், சனிக்கிழமை காலையில் வேன் ஓட்ட ஓர் ஆள். முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்