பல்கலைக்கழகத் தமிழ் ஊழியர் சங்கம், பெங்களூரு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையை வாட்ஸப்பில் போட்டுவிடுகிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றத்தில் கலந்துகொண்டோம். நவம்பரில் கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்குக் கன்னட நண்பர்களோடு சேர்ந்து இனிப்பு வழங்கினோம். பொங்கல் விழா நடந்தது, ஒரு பானைதான். செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறைதான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருந்தது.

பானை ஏன் ஒன்று, கோலப் போட்டிப் பரிசு எங்கே என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஆகஸ்டில் பல்கலைக்கழக நிர்வாகத்திடமிருந்து சிக்கனச் சுற்றறிக்கை வந்தது. மானியம் குறைந்துவிட்டது, பென்ஷனையும் சொந்த வருமானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அதில் இருந்தது. முதலில் வராந்தா விளக்கை அணைத்தார்கள், பத்திரிகைகளை நிறுத்தினார்கள், நம் சங்க அறையைப் பூட்டினார்கள். அப்புறம் கெஸ்ட் லெக்சரர்களின் வகுப்புகளைக் குறைத்தார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-இல் சொன்னது. நம் உறுப்பினர்களில் அதைக் கையில் வாங்கியவர் ஒருவரும் இல்லை. கடைசியில் கை வைத்தது, ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்த அவுட்சோர்ஸ் ஊழியர்கள் மேல். இரண்டு பட்டியலில் நம்மவர்கள் 23 பேர். நீக்கம் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் கிடையாது. 'டெண்டர் முடிந்தது', அவ்வளவுதான். கழுத்து டேக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரியில், புதிதாகத் தொடங்கிய ஒன்பது பல்கலைக்கழகங்களை மூடலாம் என்று மாநில மந்திரிசபைத் துணைக்குழு பரிந்துரைத்த செய்தி வந்ததும், "நாம தேவலை, நமக்கு வாசல் கேட்டாவது இருக்கு" என்றார் ஒரு நண்பர். அவர் நிரந்தர ஊழியர்.

பொங்கலுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை எடுத்துத்தான் சனிக்கிழமை மேஜையைத் தொடங்கினேன். கேன்டீன் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, என் பையனின் பழைய லேப்டாப், ஒரு பிரிண்டர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) காகிதங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. செயற்குழுவைக் கேட்காமல் செய்தது தவறு என்கிறார்கள். கேட்கத்தான் கூட்டினேன், கோரம் இல்லை.

இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்றது நம் இனிஷியல். நமக்கு அப்பா பெயர் ஓர் எழுத்து. ஆதாரில் அது விரிந்து பின்னால் நிற்கிறது, பி.எஃப்.பில் சுருங்கி முன்னால் நிற்கிறது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். நூலகத்தில் பதினோரு வருஷம் புத்தகம் அடுக்கிய அம்மாவுக்கு மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறி, இரண்டு யூ.ஏ.என் (பி.எஃப். உறுப்பினர் எண்), ஒன்றில் கணவர் பெயர் அப்பா இடத்தில். சம்பளச் சீட்டுகளை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பாதிச் சீட்டில் எழுத்தே அழிந்து வெள்ளையாக இருந்தது. 2025 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் விதியைத் தளர்த்தி, 2017 அக்டோபர் முதல் ஆதாரோடு கொடுத்த எண் என்றால் பெயரை நாமே திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். இந்த அம்மாவின் முதல் எண் அதற்கு முந்தியது. அதற்குப் பழைய ஒப்பந்தக்காரரின் கையெழுத்து வேண்டியிருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் அவருடைய முகவரியில் இப்போது டயர் கடை. ஆளைக் கண்டுபிடித்து முத்திரை வாங்க நான்கு சனிக்கிழமை ஆனது.

மார்ச்சில் அந்த அம்மாவுக்குப் பி.எஃப். பணம் வந்தது. மறுவாரமே வந்து பர்ஸிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து வைத்து, "சந்தா சார், ரசீது போடுங்க" என்றார். வேண்டாம்மா என்றேன், கேட்கவில்லை.

கிராஜுவிட்டிதான் இழுக்கிறது. 2024–25-இல் நடப்பில் இருந்த 1972 சட்டப்படி ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷத் தொடர் வேலை வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் 'எங்களிடம் ஐந்து ஆகவில்லை' என்கிறார். துடைப்பமும் அதே, வராந்தாவும் அதே. பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் ஏழு பேருக்காக மனு கொடுத்திருக்கிறோம்.

வேலை நிரந்தரம் பற்றிப் போய்க் கேட்டால் நிர்வாகம் உமாதேவி வழக்கைக் காட்டும்; தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. 2006-இல் வந்த அந்தத் தீர்ப்பு நம் மாநில வணிகவரித் துறையின் தினக்கூலிகள் வழக்கு. சட்டம் படிக்காத நம் ஆட்களுக்கும் அந்தப் பெயர் மட்டும் மனப்பாடம். 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலை பார்த்த ஜக்கோ என்பவரின் வழக்கில், நெடுநாள் உழைத்தவர்களை மறுக்க உமாதேவியைக் கேடயமாக்காதே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகல் எடுத்துப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தந்தார்கள்.

சந்தா. உறுப்பினர்கள் 84 பேர். கட்டியவர்கள் 31. அந்த 31-இல் 19 பேர் வேலை போனவர்கள். நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவர்கள் யார் யார் பாக்கி என்று வாசிக்கப் போவதில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வருகிறது. பிரிண்டர் மை எதிர்பார்த்ததைவிட அதிகம். தணிக்கை செய்பவர் மகள் கல்யாண வேலையில் இருப்பதால் விவரம் பின்னால் தரப்படும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீருக்குக் கடைசிவரை காசு வாங்காத கேன்டீன்காரருக்கும் நன்றி.

ஜூனில் மூன்றாவது பட்டியல் வரும் என்கிறார்கள். இந்த முறை அலுவலகத் தற்காலிகக் கிளார்க்குகள், அதாவது மேஜைக்கு வர நேரமில்லை என்ற தம்பிகள் சிலர். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். கன்னடத்தில் மனு எழுதத் தெரிந்திருந்தால் போதும். அதுவரை சனிக்கிழமை பத்து மணிக்கு மேஜை இருக்கும். ஆதார், பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் இப்போதே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்