மிஸ்யேவைப் பற்றி ஒரு பக்கம்

சார்செல்
பிரான்ஸ்
19 ஜனவரி

அடேய் மூர்யூம்,

தீபாவளிக்குள் அனுப்புகிறேன் என்று சொன்ன ஒரு பக்கம் பொங்கல் முடிந்தும் வரவில்லையே என்று அங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். ஃபோனில் உன் பெயரைப் பார்த்தாலே எடுக்கப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். குளிர் வழக்கம்போல, மூட்டுவலி வழக்கத்தைவிட ஒரு படி மேல். வடகம் வந்து சேர்ந்தது, சேர்ந்த வேகத்தில் தீர்ந்தும் போனது என்று தங்கச்சியிடம் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரெஞ்சு வாத்தியார் மிஸ்யேவைப் பற்றி நினைவு மலருக்குப் பிரெஞ்சில் ஒரு பக்கம், உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. 'இல் நாக்கி அ கரிக்கால்.' காரைக்காலில் பிறந்தார். இலக்கணத்தில் ஒரு குறை கிடையாது. அவரே நம் தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய பாஸே சேம்பிள்தான், எழுத்தில் மட்டும் வாழும் அந்த இறந்தகாலம். "நாக்கைக் கடித்துக்கொண்டாவது நாக்கி சொல்லுடா" என்பாரே, அதே நாக்கி. ஆனால் எழுதிவிட்டுப் படித்தால் பதினான்காம் லூயியின் மந்திரி யாரோ பிறந்த மாதிரி இருக்கிறது. வேட்டியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, கொய்யாப்பழத்தை நறுக்கிக்கொண்டே நம்மிடம் வினை வாய்ப்பாடு கேட்ட மனுஷனை அதில் காணோம்.

இந்த நேரம் பார்த்துப் பேத்தி நோட்டோடு வந்து நின்றாள். சே எம் தூ, அதாவது ஐந்தாம் வகுப்பு, படிக்கிறாள். ராஜகுமாரன் கதை ஒன்றைப் பாஸே சேம்பிளில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ராஜகுமாரன் வாளை எடுத்தான் என்பதற்கு 'லெ ப்ரேன்ஸ் ப்ரெனா சொன் எப்பே' என்று எழுதியிருந்தாள். ப்ரெனா! சிரித்து முடித்துவிட்டு 'ப்ரி' என்று திருத்தினேன். "ஏன் தாத்தா? பார்லா, ஷாந்தா எல்லாம் ஆ-விலதானே முடியுது?" என்றாள். கேள்வி நியாயம்தான். வினைகளில் பெரும்பாலானவை அந்தக் கூட்டம், எல்லாவற்றையும் அதே அச்சில் வார்க்கப் பார்க்கிறாள். இங்கே பிறந்து வளர்ந்த குழந்தைக்கே வாயில் வராத காலம் இது. பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. கதைப் புத்தகத்திலும் சரித்திரப் பாடத்திலும்தான் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இன்னொன்று கேள். 2016-இல் வந்த பாடத்திட்டத்தில், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாஸே சேம்பிளில் அவன், அவள், அவர்கள் போதும் என்று வைத்துவிட்டார்கள். நான், நீ, நாம், நீங்கள் வேண்டாமாம். பத்திரிகைகளில் ஒரே கூச்சல். மிஸ்யேவுக்குத் தெரிந்திருந்தால் மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். எனக்கு உன்னை நினைத்துத்தான் கவலை. அந்தத் திட்டத்தில் படித்திருந்தால் உனக்குப் பெயரே கிடைத்திருக்காதே! 'நூ மூர்யூம்', நாம் செத்தோம், என்று போர்டில் எழுதிவிட்டு நீ காலரைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும், "சரியாத்தான் எழுதியிருக்க, ஆனா செத்தவன் எவன்டா வந்து இதைச் சொல்லுவான்?" என்று அவர் கேட்டதும் இன்னும் காதிலேயே இருக்கிறது.

என் பட்டப்பெயரின் கதையும் அதே கதைதான். மாடு வைத்திருந்த வீட்டுப் பையன் 'கறந்தார்கள்' என்று எழுத ஆசைப்பட்டான், அவ்வளவுதான். கறப்பதைச் சொல்லும் த்ரேர் என்ற வினைக்குப் பாஸே சேம்பிளே கிடையாது என்று யாருக்குத் தெரியும்? வினை வாய்ப்பாட்டுப் புத்தகம் பெஷரெல்லை எடுத்துப் பார், அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். வறுப்பதற்கும் இல்லை. அதனால் ஒரு பிரெஞ்சு நாவலில் யாரும் அந்தக் காலத்தில் பால் கறக்கவோ மீன் வறுக்கவோ முடியாது, சுற்றிவளைத்துத்தான் சொல்லியாக வேண்டும். த்ரேர் வம்சத்தில் வந்ததால் 'திஸ்த்ரேர்' கூட அப்படியே. கவனத்தைத் திருப்பக்கூட முடியாது.

பேத்திக்கு உதவப் போய் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சமையற்கட்டில் நின்றுகொண்டு ஃப்யு, பியு, ல்யு, ஸ்யு என்று முணுமுணுக்கிறேன், சிட்டுக்குருவி மாதிரி. இருந்தார், குடித்தார், படித்தார், அறிந்தார், எல்லாம் ஒரே கத்தலில் முடிந்துவிடுகிறது. 'ப்ல்யு' என்றால் மழை பெய்தது, பிடித்தும் இருந்தது. 'ழ வி' என்றால் கண்டேன், வாழ்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அல்லே பேரில் உலவும் அந்தக் காதல் புலம்பல் ஞாபகம் இருக்கிறதா? 'வூ ம ப்ல்யூத்', எனக்குப் பிடித்துப்போனீர்கள், என்று மிஸ்யே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னதும், கடைசி பெஞ்சில் ஒரு மேதை அதை அப்படியே எழுதிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்ததும்? தங்கச்சி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி, விளையாட்டு போதும். பக்கம் ஏன் நகரவில்லை என்று சொல்கிறேன்.

போர்-ருவாயால் என்ற பழைய பிரெஞ்சு இலக்கண நூல் 1660-இல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. நடந்து குறைந்தது ஒரு நாளாவது ஆகியிருந்தால்தான் இந்தக் காலம், இன்றைக்கு நடந்ததென்றால், பேச்சில் வரும் இறந்தகாலமான பாஸே கொம்போஸே. அதற்கும் முன்னால், கொர்னெய்யின் 'லெ சித்' நாடகம் வந்த புதிதில் பிரெஞ்சு அகாதெமி இதை வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டது. கிழவரை அறைந்த கோமகன், கொஞ்ச நேரத்திலேயே 'அவமானப்படுத்தினேன்' என்பதற்கு 'ஃபி' போட்டுப் பேசுகிறான். இப்போதுதானே அறைந்தான், 'எ ஃபே' என்றல்லவா வரவேண்டும் என்றார்கள். கொர்னெய் பின்னாளில் அந்த வரியையே மாற்றிவிட்டார். கன்னத்தில் சூடு ஆறும்வரை ஒரு காலம், ஆறிய பிறகு இன்னொரு காலம்! மிஸ்யே இதைச் சொல்லும்போது தன் கன்னத்தையே தடவிக்கொள்வார்.

அந்தக் கணக்குப்படி, மிஸ்யே போன மறுநாளே 'இல் மூர்யு', இறந்தார், என்று எழுதிவிடலாம். ஆவணி போய்த் தை வந்துவிட்டது, எனக்குக் கை வரவில்லை. மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1959-இல் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பாஸே சேம்பிளில் சொல்லும்போது சொல்கிறவனே இல்லாமல் போய்விடுகிறான், சம்பவங்கள் தாமாகவே தம்மைச் சொல்லிக்கொள்வதுபோல இருக்கும் என்கிறார். பிடித்துக்கொண்டேன்! நான் எழுதிய பக்கத்தில் நீ இல்லை, நான் இல்லை, திண்ணை இல்லை. மேலே யாரோ உட்கார்ந்து ஒரு வாழ்க்கையைப் படித்துக் கோப்பை மூடுகிறார்.

எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கொம்போஸேயில் எழுதினேன். 'இல் ஏ நே', பிறந்தார். 'இல் நூ ஸா அப்ப்ரி', எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கற்றது இன்னும் கையில் இருக்கிறது, பேத்தியின் நோட்டுவரை வந்திருக்கிறது, அதனால் இந்தக் காலம்தான் சரி. சாதாரணமாகப் பேசுகிற குரல் வந்தது. அப்புறம் மளமளவென்று ஓடியது.

ஓர் இடத்தில் மட்டும் ஓடவில்லை. 1962, ஆகஸ்ட் 16. காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தியக் குடிமகன். என் அப்பா கையெழுத்துப் போட்டார். அதனால்தான் நான் சார்செல்லில் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மிஸ்யேவின் அண்ணன் போட்டார். மிஸ்யே போடவில்லை. ரசினையும் கொர்னெய்யையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய மனுஷன், பிரெஞ்சில்தான் கோபப்படுவார், கணக்குப் போடுவார். ஏன் போடவில்லை என்று எத்தனை முறை கேட்டோம்! திரும்பிப் போர்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிற வீடுகளைப் பார்த்து அவர் வீட்டில் பேச்சு எழுந்ததும் உனக்குத் தெரியும்.

அங்கே கொம்போஸே போட்டுப் பார்த்தேன். சப்பென்று இருந்தது, ஏதோ மறந்துபோய்ப் போடாமல் விட்டவர் மாதிரி. 'இல் நொப்தா பா', தேர்ந்தெடுக்கவில்லை, என்று எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் பாஸே சேம்பிள். முடிவெடுத்தார், கெடு முடிந்தது, இனி யாரும் போய் மாற்ற முடியாது, நாமும் போய்க் கேட்க முடியாது. அந்த இடத்தில் நாம் இல்லாமல் இருப்பதுதான் முறை.

மலர்க் குழுவில் பத்திரம் எழுதிய அந்த ரிட்டயர்டு நொத்தேர் இருக்கிறாரே, இரண்டு காலத்தை ஏன் கலந்தாய் என்று சிவப்புப் பேனாவை எடுப்பார். மற்றதில் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும், பெருமை பேசியிருக்கும் மூன்றாவது பத்தியை மொத்தமாகத் தூக்கட்டும். ஒப்தாவில் மட்டும் கை வைக்க விடாதே. உனக்குத்தான் சண்டை பிடிக்குமே.

இரண்டு விவரம் வேண்டும். அவர் எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார், அண்ணன் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனது கையெழுத்துக்கு முன்னாலா பின்னாலா என்று அவர் மகளிடம் விசாரி. பக்குவமாகக் கேள், ஆறு மாதக் கதையை நீயாக எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலையில் நானே கூப்பிடுகிறேன். திட்டுவதெல்லாம் முதலிலேயே திட்டி முடித்துவிடு.

உன்,
த்ரேர்